பிப் கொடுப்பனவு மறுக்கப்பட்டால்: புள்ளிக் கணக்கும் மேன்முறையீட்டு வழியும்

2025 மார்ச்சில் பிரித்தானிய அரசு வெளியிட்ட பசுமை அறிக்கை (சட்டமாக்கும் முன் கருத்துக் கேட்க வெளியிடும் அறிக்கை), நீண்டகால நோயோ இயலாமையோ உள்ளவர்களுக்கான பிப் கொடுப்பனவின் விதியைக் கடுமையாக்கப் போவதாக அறிவித்தது. சமைத்தல், குளித்தல் போன்ற செயல்களில் உள்ள சிரமத்துக்கு ஏற்பப் புள்ளி தரப்படும்; அந்த அன்றாடச் செயல்களில் ஏதேனும் ஒன்றிலாவது நான்கு புள்ளி பெற்றிருக்க வேண்டும் என்பது புதிய நிபந்தனை. 2026 நவம்பரில் நடைமுறைக்கு வரும் என்றார்கள். ஆளுங்கட்சி உறுப்பினர்களே எதிர்த்து எழுந்ததால், ஜூலை 1 அன்று நாடாளுமன்றத்தில் விவாதம் நடந்துகொண்டிருக்கும்போதே அந்தப் பிரிவை அரசு கைவிட்டது. செப்டம்பரில் அந்த மசோதா சட்டமானபோது அதில் நான்கு புள்ளி விதி இல்லை. பிப் விதிகளை ஆராயும் வேலை அமைச்சர் ஸ்டீபன் டிம்ஸ் தலைமையிலான மீளாய்வுக்கு விடப்பட்டது.

அறிவிப்பு எல்லோர் காதிலும் விழுந்தது. கைவிட்ட செய்தி பலரைப் போய்ச் சேரவேயில்லை. அதனால் நிராகரிப்புக் கடிதம் வந்தவுடன், "புதுச் சட்டம் வந்துவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது" என்று கடிதத்தை மடித்து வைத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். இது வீண் இழப்பு. அந்த முடிவு பழைய புள்ளி அட்டவணைப்படி எடுக்கப்பட்டது. அந்த அட்டவணையை வைத்தே அதை எதிர்த்து வாதிடலாம். விசாரணை வரை போய்த் தீர்ப்பான பிப் மேன்முறையீடுகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு, விண்ணப்பதாரருக்குச் சாதகமாகவே முடிந்து வந்திருக்கின்றன.

பிப் எதற்கான பணம்

பிப் என்பது தனிநபர் சுயாதீனக் கொடுப்பனவின் சுருக்கப் பெயர். 2013 ஏப்ரலில் தொடங்கியது. நீண்டகால நோயாலோ, உடல் அல்லது மன இயலாமையாலோ அன்றாட வாழ்வில் சிரமப்படுகிறவர்களுக்கு உரியது. வேலைக்குப் போகிறவர்களும் பெறலாம். சேமிப்பு எவ்வளவு, கணவரின் சம்பளம் எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை. வரியும் கிடையாது. 16 வயதிலிருந்து அரச ஓய்வூதிய வயது வரை புதிதாக விண்ணப்பிக்கலாம். அதைக் கடந்தவர்களுக்கு அட்டென்டன்ஸ் அலவன்ஸ் என்ற வேறு கொடுப்பனவு உண்டு. ஸ்கொட்லாந்தில் முறையே வேறு என்பதால், இங்கே சொல்லப்படுவதெல்லாம் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் பொருந்துவன. விசாவில் பொது நிதி பெறத் தடை உள்ளவர்கள் விண்ணப்பிக்கும் முன்பே குடிவரவு ஆலோசனை பெற்றாக வேண்டும்.

கொடுப்பனவில் இரண்டு பகுதிகள் உள்ளன. 2025–26 நிதியாண்டில் அவற்றின் வாரத் தொகை இவ்வாறு இருந்தது:

1. அன்றாட வாழ்வுப் பகுதி: சாதாரண விகிதம் 73.90 பவுண்டு, உயர் விகிதம் 110.40 பவுண்டு.
2. நடமாட்டப் பகுதி: சாதாரண விகிதம் 29.20 பவுண்டு, உயர் விகிதம் 77.05 பவுண்டு.

ஒரு பகுதியில் 8 புள்ளி வந்தால் சாதாரண விகிதம். 12 வந்தால் உயர் விகிதம். 7 புள்ளிக்கு ஒரு பென்னிகூடக் கிடைக்காது. மேன்முறையீடுகளில் பெரும்பாலானவை இந்த ஓரிரு புள்ளிகளைச் சுற்றியே நடப்பதற்குக் காரணம் இதுதான்.

பிப் கையைவிட்டுப் போனால் அதோடு சேர்ந்து போகிறவையும் உண்டு. பராமரிக்கும் மகளோ கணவரோ பெறும் கேரர்ஸ் அலவன்ஸ், அன்றாட வாழ்வுப் பகுதியை நம்பி நிற்கிறது. வாகன வரிச் சலுகையும், வாகனத் தரிப்புக்கான நீல அட்டைக்கு நேரடித் தகுதியும் நடமாட்டப் பகுதியோடு பிணைந்தவை. கடிதத்தில் தெரியும் தொகையைவிட இழப்பு பெரியது.

நோயின் பெயருக்குப் புள்ளி இல்லை

"எனக்கு நீரிழிவு, முடக்குவாதம், முதுகில் அறுவைச் சிகிச்சை; எல்லாவற்றுக்கும் வைத்தியரின் கடிதம் கொடுத்தேன். ஆனாலும் சுழியம் போட்டிருக்கிறார்கள்." அடிக்கடி கேட்கும் முறைப்பாடு இது. கோபம் நியாயமானது. ஆனால் சட்டம் நோயின் பெயரைப் பார்த்துப் புள்ளி தருவதில்லை. அந்த நோயால் எந்தச் செயலை எப்படிச் செய்ய முடியாமல் போகிறது என்பதையே பார்க்கிறது.

அன்றாட வாழ்வுப் பகுதியில் பத்துச் செயல்கள்: சமைத்தல், உண்ணுதல், சிகிச்சையை நிர்வகித்தல், குளித்தல், கழிப்பறைத் தேவை, உடுத்தல், பேச்சுத் தொடர்பு, வாசித்தல், பிறரோடு பழகுதல், பணம் குறித்த முடிவுகள். நடமாட்டப் பகுதியில் இரண்டு: பயணத்தைத் திட்டமிட்டு மேற்கொள்ளுதல், நடத்தல். ஒவ்வொரு செயலுக்கும் படிப்படியான விவரணைகள் இருக்கும். உங்களுக்குப் பொருந்தும் ஒரு படிக்கு உரிய புள்ளி மட்டும் கணக்கில் சேரும்.

இந்தச் சொற்களுக்கு ஒழுங்குவிதிகள் தனிப் பொருள் வைத்திருக்கின்றன. சமையல் என்றால் ஒருவருக்கு மட்டும், பதப்படுத்தாத பொருள்களைக் கொண்டு, ஒரே வகைச் சூடான உணவைச் செய்வது. வீட்டில் உள்ள ஆறு பேருக்குச் சோறும் மூன்று கறியும் வைக்க முடியவில்லை என்பது இங்கே வாதமாகாது. ஒரு வெங்காயத்தை உரித்து நறுக்கி, அடுப்பில் பாத்திரத்தைத் தூக்கி வைத்து, வெந்துவிட்டதா என்று பார்த்து இறக்க முடிகிறதா என்பதுதான் கேள்வி.

தமிழர்கள் அவசியம் அறிய வேண்டிய ஒன்று பேச்சு, வாசிப்பு தொடர்பானது. இவ்விரண்டையும் விண்ணப்பதாரரின் தாய்மொழியில் வைத்தே அளக்க வேண்டும் என்று அட்டவணையே சொல்கிறது. ஆங்கிலம் தெரியாததற்குப் புள்ளி கிடையாது. பக்கவாதத்துக்குப் பின் தமிழ் எழுத்துகளையே கூட்டி வாசிக்க முடியாமல் போன ஒருவர், மதிப்பீட்டில் சில ஆங்கிலச் சொற்கள் பேசினார் என்பதற்காக அவருடைய வாசிப்புச் சிரமத்தைத் தள்ளிவிடவும் கூடாது.

வழக்கை மாற்றும் நான்கு அளவுகோல்கள்

வெல்லும் வழக்குகளில் திரும்பத் திரும்பப் பார்க்கக்கூடியது, 2013ஆம் ஆண்டு பிப் ஒழுங்குவிதிகளின் 4ஆம் விதி. ஒரு செயலை "செய்ய முடியும்" என்று பிப்பை வழங்கும் வேலை, ஓய்வூதியத் திணைக்களம் சொல்ல வேண்டுமானால், அதைக் கீழ்க்கண்ட நான்கு விதத்திலும் செய்ய முடிய வேண்டும்:

1. பாதுகாப்பாக. உங்களுக்கோ பிறருக்கோ தீங்கு நேரக்கூடாது. தீங்கு எத்தனை தடவை நேரும் என்பதோடு, நேர்ந்தால் எவ்வளவு கடுமையாக இருக்கும் என்பதையும் பார்க்க வேண்டும் என்று 2017இல் மேல் தீர்ப்பாயம் (பிப் மேன்முறையீட்டை முதலில் விசாரிக்கும் தீர்ப்பாயத்துக்கு மேலுள்ளது) விளக்கியது. மாதம் ஒருமுறை மட்டும் வலிப்பு வந்தாலும், அது குளிக்கும்போதோ அடுப்படியிலோ எந்த எச்சரிக்கையும் இல்லாமல் வரலாம் என்றால் எல்லா நாளுமே ஆபத்துதான்.
2. ஏற்கத்தக்க தரத்தில். உடலில் பாதியைக் கழுவாமல் விட்டு வருவது குளியல் ஆகாது.
3. தேவையான தடவைகள். காலையில் ஒருமுறை நடந்துவிட்டு மாலை வரை படுத்தே கிடப்பவர், அச்செயலைத் தேவைப்படும் அளவுக்குச் செய்யக்கூடியவர் அல்லர்.
4. நியாயமான நேரத்துக்குள். அந்தக் குறைபாடு இல்லாதவர் எடுக்கக்கூடிய அதிகபட்ச நேரத்தைப் போல் இரு மடங்குக்கு மேல் போகக் கூடாது.

இதோடு 7ஆம் விதியைச் சேர்த்துப் படிக்க வேண்டும். சிரமம் தினமும் இருக்க வேண்டியதில்லை. பாதிக்கு மேற்பட்ட நாள்களில் இருந்தால் போதும். ஒரு நாளில் குறிப்பிடத்தக்க ஒரு பொழுது முடியாமல் போனாலும் அந்த நாள் கணக்கில் வரும். தொல்லை தொடங்கி மூன்று மாதங்கள் ஆகியிருக்க வேண்டும். இன்னும் ஒன்பது மாதங்கள் நீடிக்கும் என்று எதிர்பார்க்க வேண்டும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

முடக்குவாதம் உள்ள ஐம்பது வயதுப் பெண் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். முடிவுக் கடிதம் அவருக்குச் சமையலில் 2, குளியலில் 2, உடுத்தலில் 2 புள்ளிகள் தருகிறது. மூன்றுக்கும் ஒரே காரணம்: துணைக்கருவி இருந்தால் செய்துவிடுவார். மொத்தம் 6. கொடுப்பனவு இல்லை. நடத்தலில் 0, 200 மீட்டருக்கு மேல் நடக்கிறார் என்று அறிக்கை சொல்கிறது.

உண்மை வேறு. சமையலில் அவருக்குக் கத்தி பிடித்து நறுக்கித் தர ஒருவர் வேண்டும். அட்டவணைப்படி இது 4 புள்ளி. குளியல் தொட்டிக்குள் இறங்கவும் ஏறவும் கைத்தாங்கல் வேண்டும். அதற்கு 3. உடுத்தலில் 2 அப்படியே இருக்கட்டும். கூட்டினால் 9, சாதாரண விகிதத்துக்கு 8 போதும்.

நடத்தலைப் பார்ப்போம். பஸ் தரிப்பிடம் வரை போகிறார் என்பது உண்மைதான். ஆனால் 40 மீட்டர் போனதும் வலியால் நின்று, வேலிச் சுவரில் சாய்ந்து, சில நிமிடங்கள் கழித்தே நகர்கிறார். திரும்பி வந்தால் அன்று மறுபடி வெளியே போக முடியாது. நான்கு அளவுகோல்களை வைத்துப் பார்த்தால், இவர் நம்பகமாக நடப்பது 20 மீட்டருக்கும் 50 மீட்டருக்கும் இடையில். கைத்தடி இல்லாமல் என்றால் 8, கைத்தடியோடு என்றால் 10. இரண்டுமே சாதாரண விகிதத்துக்குள் வரும். 2025–26 விகிதப்படி வாரத்துக்கு 73.90உம் 29.20உம் சேர்ந்து 103.10 பவுண்டு, ஆண்டுக்கு 5,361 பவுண்டுக்கு மேல். அதே பெண், அதே நோய், அதே அட்டவணை; கேள்வி முழுமையாகக் கேட்கப்பட்டது என்பது மட்டுமே வேறுபாடு.

மதிப்பீட்டில் எங்கே பிசகுகிறது

திணைக்களத்தின் ஒப்பந்தத்தில் இயங்கும் தனியார் நிறுவனமொன்றின் சுகாதாரப் பணியாளர் உங்களோடு பேசி அறிக்கை எழுதுவார். பெரும்பாலும் தொலைபேசியில்தான். அந்த அறிக்கையைப் பார்த்துத் திணைக்கள அலுவலர் முடிவெடுப்பார். அவர் உங்களைப் பார்த்தவரும் அல்லர், உங்களோடு பேசியவரும் அல்லர்.

நம்மவர்கள் பேசும் விதமும் இங்கே எதிராகத் திரும்பிவிடுகிறது. "எப்படி இருக்கிறீர்கள்?" என்றால் "கடவுள் புண்ணியத்தில் பரவாயில்லை" என்போம். "உடுத்த முடிகிறதா?" என்றால் "சமாளிக்கிறேன்" என்போம். மகள் கால்சட்டையை மாட்டிவிடுவதையும் மருமகள் முதுகைத் தேய்த்துவிடுவதையும் உதவி என்றே எண்ணமாட்டோம். குடும்பம் என்றால் அப்படித்தானே! கழிப்பறைச் சிரமத்தை அந்நியரிடம் சொல்ல நாக்கூசும். அறிக்கையில் இவையெல்லாம் "தானாகவே செய்கிறார்" என்ற ஒற்றை வரியாகிவிடும். குடும்பத்தார் செய்வதும் உதவிதான். யாரும் வராத நாளில் என்ன நடக்கும் என்று சொன்னால் அது விளங்கும்.

மொழிபெயர்ப்பாளர் கேட்கும் உரிமை உண்டு. உரையாடலை ஒலிப்பதிவு செய்யச் சொல்லியும் முன்கூட்டியே கேட்கலாம். முடிவு வந்த பிறகு செய்ய வேண்டிய முதல் வேலை, திணைக்களத்துக்குத் தொலைபேசியில் பேசி மதிப்பீட்டு அறிக்கையின் பிரதியைக் கேட்பது. அதைப் படிக்காமல் எதிர்வாதம் எழுதுவது இருட்டில் கல்லெறிவது போன்றது.

முதல் படி: கட்டாய மறுபரிசீலனை

நேரே தீர்ப்பாயத்துக்குப் போக முடியாது. முடிவுக் கடிதத்தில் உள்ள தேதியிலிருந்து ஒரு மாதத்துக்குள், அதே திணைக்களத்திடம் மறுபரிசீலனை கேட்க வேண்டும். தொலைபேசியிலும் கேட்கலாம், எழுத்திலும் கேட்கலாம். எழுத்தில் இருப்பதே பிற்பாடு கைகொடுக்கும். ஒரு மாதம் தாண்டிவிட்டால், மருத்துவமனையில் இருந்தேன், வீட்டில் இறப்பு நேர்ந்தது என்பன போன்ற காரணத்தைச் சொல்லி 13 மாதங்கள் வரை கேட்கலாம். தாமதத்தைத் திணைக்களம் ஏற்காவிட்டாலும், அந்த 13 மாதங்களுக்குள் கேட்டிருந்தால் தீர்ப்பாயத்தின் கதவு திறந்தே இருக்கிறது என்று 2017இல் மேல் தீர்ப்பாயம் தீர்ப்பளித்தது. இது பலருக்குத் தெரியாது.

"முடிவு அநியாயம், மீண்டும் பாருங்கள்" என்று மட்டும் எழுதினால் பயனில்லை. மேலே பார்த்த பெண்ணின் கடிதம் சமையலைப் பற்றி இப்படி இருக்கலாம்:

"சமையலுக்கு 2 புள்ளி தரப்பட்டுள்ளது. 4 தரப்பட வேண்டும் என்று கருதுகிறேன். வாரத்தில் ஐந்து நாள்களாவது விரல்களை மடக்க முடிவதில்லை. கத்தியைப் பிடிக்க முடியாததால் மகள் நறுக்கித் தருகிறாள். ஜனவரியில் கொதிநீர்ப் பாத்திரம் நழுவி இடது காலில் கொப்புளம் ஏற்பட்டது. வைத்தியரின் குறிப்பை இணைத்துள்ளேன். உயரமான இருக்கையில் அமர்ந்து சமைத்தாலும் இந்த ஆபத்து குறையாது."

எந்தச் செயல், எத்தனை புள்ளி, எத்தனை நாள், என்ன நடந்தது, என்ன சான்று, கருவி ஏன் போதாது. ஆறும் இதில் இருக்கின்றன. தகராறு உள்ள ஒவ்வொரு செயலுக்கும் இப்படி ஒரு பத்தி போதும்.

சான்று என்றதும் மருந்துச் சீட்டுகளையும் மருத்துவமனைச் சந்திப்புக் கடிதங்களையும் கட்டுக்கட்டாக அனுப்புகிறார்கள். அவை நோய் இருப்பதை நிறுவும். நோய் இருப்பதைப் பெரும்பாலும் யாரும் மறுக்கவில்லையே! உங்களால் செய்ய முடியாததைச் சொல்லும் கடிதமே எடைகூடியது. இயன்முறைச் சிகிச்சையாளர், மனநலத் தாதி, பராமரிப்பாளர் ஆகியோரின் கடிதங்களும், ஓரிரு வாரத்துக்கு நாள்தோறும் எழுதிய குறிப்பும் நல்ல சான்றுகள்.

மறுபரிசீலனையில் பெரும்பாலான முடிவுகள் மாறுவதில்லை. இதை முன்பே தெரிந்துகொள்வது நல்லது. ஏனென்றால் இரண்டாவது மறுப்புக் கடிதத்தைப் பார்த்ததும் மனம் சோர்ந்து இங்கேயே நின்றுவிடுகிறவர்கள்தான் அதிகம். அந்தக் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருங்கள். அடுத்த படிக்கான நுழைவுச் சீட்டு அது.

இரண்டாம் படி: தீர்ப்பாயம்

மறுபரிசீலனைக் கடிதத்தின் தேதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் முதல்நிலைத் தீர்ப்பாயத்துக்கு மேன்முறையீடு செய்யலாம். கட்டணம் இல்லை. இணையத்திலும் செய்யலாம், தாளிலும் செய்யலாம். இது திணைக்களத்தின் கிளை அன்று. நீதித்துறையின் கீழ் இயங்கும் சுயேச்சையான அமைப்பு. ஒரு நீதிபதி, ஒரு வைத்தியர், இயலாமை குறித்து அனுபவமுள்ள ஓர் உறுப்பினர் என மூவர் அமர்வார்கள்.

மேன்முறையீடு பதிவானதும் திணைக்களம் 28 நாள்களுக்குள் பதில் தர வேண்டும். பக்க எண்ணிட்ட தடித்த கோப்பு ஒன்று உங்களுக்கும் வரும். அதில் மதிப்பீட்டு அறிக்கையை எடுத்துப் பென்சிலால் குறியுங்கள். "நாற்பது நிமிடம் அசௌகரியமின்றி அமர்ந்திருந்தார்" என்று ஒரு பக்கம் சொல்லும். தொலைபேசி மதிப்பீட்டில் அதை யார் பார்த்தார்கள்? இப்படிப்பட்ட முரண்களைப் பக்க எண்ணோடு எழுதித் தீர்ப்பாயத்துக்கு அனுப்பலாம்.

விசாரணைக்குப் பல மாதங்கள் ஆகலாம். இடையில் திணைக்களத்திலிருந்து ஒருவர் அழைத்து, "இவ்வளவு தருகிறோம், ஏற்கிறீர்களா?" என்று கேட்கக்கூடும். அந்த இடத்திலேயே பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. எந்தச் செயலுக்கு எத்தனை புள்ளி என்று கேட்டு எழுதிக்கொண்டு, ஆலோசகரோடு பேச அவகாசம் கேளுங்கள். ஏற்றுக்கொண்டால் நடந்துகொண்டிருக்கும் மேன்முறையீடு முடிந்துவிடும். புதிய முடிவும் குறைவு என்று பட்டால் அதை எதிர்த்து மீண்டும் மேன்முறையீடு செய்யலாம்.

விசாரணை நேரிலோ, தொலைபேசியிலோ, காணொளியிலோ நடக்கும். கோப்பை மட்டும் பார்த்து முடிவெடுக்கச் சொல்லவும் வழி உண்டு. ஆனால் நேரில் பேசுவதே நல்லது என்பேன். "பாத்திரத்தைத் தூக்கும்போது என்ன நடக்கிறது, காட்டுங்கள்" என்று வைத்தியர் கேட்கும்போது உங்கள் கை சொல்வதை எந்தத் தாளும் சொல்லாது. தமிழ் மொழிபெயர்ப்பாளரைத் தீர்ப்பாயமே இலவசமாக ஏற்பாடு செய்யும். உறவினரைப் பொதுவாக மொழிபெயர்ப்பாளராக ஏற்பதில்லை. ஆனால் பராமரிக்கும் மகள் சாட்சியாக வந்து தான் கண்டதைச் சொல்லலாம்.

எச்சரிக்கைக்கு இரண்டு

1. மறுபரிசீலனையிலும் தீர்ப்பாயத்திலும் உங்கள் முழுக் கொடுப்பனவும் மறுபடி பார்க்கப்படும். ஏற்கெனவே ஒரு பகுதி கிடைத்திருந்தால் அது குறையவும் வாய்ப்பு உண்டு. அப்படியொரு நிலை தெரிந்தால் தீர்ப்பாயம் வழக்கமாக முன்கூட்டியே எச்சரிக்கும். சுழியத்தில் இருப்பவருக்கு இழக்க ஒன்றுமில்லை. சாதாரண விகிதம் பெறுபவர் ஆலோசனை பெற்றே இறங்க வேண்டும்.
2. திணைக்களம் முடிவெடுத்த நாளில் உங்கள் நிலை எப்படி இருந்தது என்பதையே தீர்ப்பாயம் பார்க்கும். அதற்குப் பின் நோய் முற்றியிருந்தால் அந்த விவரம் இந்த வழக்குக்கு உதவாது. அதற்குப் புது விண்ணப்பமோ, நிலை மாறிவிட்டது என்ற அறிவிப்போ தனியே வேண்டும்.

கொடுப்பனவு முழுதாக நிறுத்தப்பட்டிருந்தால் வழக்கு நடக்கும் காலத்தில் பணம் வராது. வென்றால் நிலுவை சேர்த்துத் தரப்படும். இந்த இடைக்காலம் பல குடும்பங்களை முறித்துப்போடுகிறது. திணைக்களம் முதல் தடவையே நான்கு அளவுகோல்களையும் ஒழுங்காகப் பார்த்திருந்தால் இவ்வளவு பேர் தீர்ப்பாயம் வரை அலைய வேண்டியிருக்காது என்பதே என் உறுதியான கருத்து.

தனியே போராட வேண்டியதில்லை. சிட்டிசன்ஸ் அட்வைஸ் அலுவலகங்களிலும், சட்ட உதவி நிலையங்களிலும், சில உள்ளூராட்சி மன்றங்களின் நலன்புரி உரிமைப் பிரிவுகளிலும் இலவச உதவி கிடைக்கும். இடம் கிடைக்க நாளாகலாம். அதுவரை காத்திருந்து ஒரு மாதக் கெடுவைத் தவறவிட வேண்டாம். முதலில் கோரிக்கையைப் பதிவுசெய்துவிட்டு, விவரத்தையும் சான்றுகளையும் பிறகு அனுப்பலாம்.

தீர்ப்பாயத்திலும் தோற்றால்

தீர்ப்பு அன்றே சொல்லப்படலாம், அல்லது தபாலில் வரும். பாதகமாக இருந்தால் ஒரு மாதத்துக்குள் எழுத்துமூலமான காரண விளக்கம் கேட்க வேண்டும். அது கையில் கிடைத்த பிறகு, சட்டப் பிழை இருப்பதாகக் காட்டி மேல் தீர்ப்பாயத்துக்குப் போக அனுமதி கோரலாம். "என்னை நம்பவில்லை" என்பது சட்டப் பிழையாகாது. முக்கியமான சான்றை ஏன் தள்ளினார்கள் என்று சொல்லாமல் விட்டது, பாதுகாப்பு பற்றிய அளவுகோலைப் பார்க்கவே இல்லாதது போன்றவை சட்டப் பிழையாகலாம். அனுமதி கேட்பதற்கும் காரண விளக்கம் அனுப்பப்பட்ட நாளிலிருந்து ஒரு மாதமே அவகாசம். இந்தக் கட்டத்தில் நலன்புரிச் சட்டம் அறிந்த ஆலோசகர் ஒருவரிடம் கோப்பைக் காட்டாமல் எதையும் எழுத வேண்டாம்.